பூ மரங்களைக் குழப்பமில்லாமல் அடையாளம் காண: இலையிலிருந்து தொடங்குங்கள்

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நம் ஊர்ச் சாலைகளில் தலைக்கு மேலே மஞ்சளும் சிவப்பும்தான். மரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை பலருக்கும் இந்தச் சமயத்தில்தான் வருகிறது. நிமிர்ந்து பார்க்கிறார்கள், மஞ்சளாக இருந்தால் கொன்றை, சிவப்பாக இருந்தால் குல்மொகர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மஞ்சளாகப் பூக்கும் சாலை மரங்கள் மட்டுமே தமிழ்நாட்டில் ஐந்தாறு வகை உண்டு. சிவப்பும் அப்படித்தான். அதுவும் இல்லாமல், பூ சில வாரங்களுக்கு மேல் நிற்காது. இலையோ ஆண்டின் பெரும்பகுதி கண்ணெதிரே இருக்கிறது.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே வரிசை: முதலில் இலை, அடுத்து பூவின் அமைப்பு, அப்புறம் காய், கடைசியாகத்தான் நிறம். இந்த வரிசையில் பார்க்கப் பழகினால், இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிந்த மரங்கள் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

கையில் ஒரு சின்ன நோட்டு, பென்சில், முடிந்தால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சிறு லென்ஸ் போதும். இலையும் பூவும் பறிக்கத் தேவையில்லை. மரத்தடியில் வேண்டிய அளவு உதிர்ந்து கிடக்கும்.

முதல் படி: எது ஓர் இலை?

இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். சமையலுக்கு ஒரு ஈர்க்கு கறிவேப்பிலை எடுக்கிறோமே, அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்ததுதான் ஓர் இலை. நாம் உருவிப் போடும் ஒவ்வொன்றும் சிற்றிலை. வேம்பும் புளியும் இப்படித்தான். இதற்குக் கூட்டிலை என்று பெயர். பூவரசு, மா, அரசு போன்றவற்றில் காம்புக்கு ஒரே தகடு. அது தனியிலை.

சந்தேகம் வந்தால் மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில், மேல்பக்கக் கக்கத்தில், கடுகளவு ஒரு மொட்டு இருக்கும். மொட்டு இருந்தால் அங்கிருந்து தொடங்குவது முழு இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. இந்த ஒரு சோதனை கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இலை எது என்று தெரிந்ததும் அது எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். நடு ஈர்க்கின் இரு பக்கமும் சிற்றிலைகள் நேராக ஒட்டியிருந்தால் அது ஒருமுறை பிரிந்த இறகு இலை. சரக்கொன்றை இந்த வகை. நடு ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில் சிற்றிலைகள் இருந்தால் இருமுறை பிரிந்தது. குல்மொகர், வாகை எல்லாம் இதில் சேரும். காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து ஐந்தாறு சிற்றிலைகள் விரிந்தால் அது அங்கை வடிவம். இலவும், எக்காளம் போலப் பூக்கும் டபேபுயாவும் அப்படி. மூன்றே சிற்றிலை என்றால் புரசு, முள்முருங்கை பக்கம் போகலாம்.

இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கிளையில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக முளைத்திருக்கின்றனவா, ஒன்று மாற்றி ஒன்றாகவா? இது மிகப் பெரிய தடயம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கொன்றை, வாகை, மந்தாரை எல்லாவற்றிலும் இலைகள் மாறி மாறித்தான் வரும். ஜகரண்டா, டபேபுயா, ஆப்பிரிக்க டியூலிப், மரமல்லி ஆகியவை வேறொரு குடும்பம்; அவற்றில் இலைகள் எதிரெதிராக நிற்கும். இரண்டாவது, கூட்டிலையின் நுனி. ஈர்க்கு ஒரு ஜோடிச் சிற்றிலையோடு முடிகிறதா, ஒற்றைச் சிற்றிலையோடு முடிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: விழுந்த பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்

இதழ்கள் தனித்தனியாக இருக்கின்றனவா, ஒட்டிக் குழாயாக இருக்கின்றனவா? தனித்தனி என்றால் எல்லா இதழும் ஒரே மாதிரியா, ஒன்று மட்டும் வேறா? மகரந்தத் தாள்கள் எத்தனை, வளைந்தவையா நேரானவையா? பிறகு மரத்தை நிமிர்ந்து பார்த்து, பூங்கொத்து கீழே தொங்குகிறதா, மேல்நோக்கி நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். தொங்குவதும் நிற்பதும் தூரத்திலிருந்தே தெரியும். பேருந்து ஜன்னல் வழியாகக்கூட மரத்தைப் பிரிக்க இது உதவும்.

காயைப் பற்றித் தனியாக அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய காய்கள் பல மாதம் மரத்திலேயே இருக்கும், இல்லாவிட்டால் அடியில் கிடக்கும். நீளம், தட்டையா உருளையா, ஓரத்தில் விளிம்பு உண்டா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சரி, இனி மரங்களுக்கு வருவோம்.

குல்மொகர், பெருங்கொன்றை, ஜகரண்டா

பூ இல்லாத காலத்தில் அதிகம் பேரைக் குழப்புவது இந்த மூன்றும்தான். மூன்றிலும் இருமுறை பிரிந்த, பொடிப்பொடியான இலை. ஒரே சாலையில் குல்மொகரும் பெருங்கொன்றையும் அடுத்தடுத்து நட்டிருப்பார்கள். ஆடி மாதத்தில் பார்த்தால் இரண்டும் வெறும் பச்சைக் குடைதான்.

குல்மொகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தாவரவியல் பெயர் டெலோனிக்ஸ் ரீஜியா. செம்மயில்கொன்றை என்றும், மே மாதப் பூ என்றும் சொல்வார்கள். சிற்றிலை மிகவும் சிறியது, ஒரு சென்டிமீட்டர் அளவுதான், நுனி மழுங்கியிருக்கும். இதற்கென்றே ஒரு தனி அடையாளம் உண்டு, பலரும் கவனிக்காமல் விடுவது: இளங்கிளையில், இலைக்காம்பு தொடங்கும் அடியில், இரு பக்கமும் இலையடிச் செதில் இருக்கும். மற்ற மரங்களில் அது சும்மா ஒரு சிறு செதில். குல்மொகரில் அந்தச் செதிலே கிளைத்துக் குட்டி இறகு போல இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். பூவோ காயோ இல்லாத மாதத்தில்கூட இந்தச் சின்ன இறகு ஒன்றே பெயரைச் சொல்லிவிடும்.

பூ கிடைத்தால் இதழ்களை எண்ணுங்கள். ஐந்து. நான்கு இதழ்கள் ஒரே சிவப்பு. ஐந்தாவது மட்டும் சற்றுப் பெரியதாக, வெள்ளையும் மஞ்சளும் கலந்து சிவப்புப் புள்ளியும் கோடுமாக நிமிர்ந்து நிற்கும். பூவைத் தாங்கும் புல்லி இதழ்கள் வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை உரித்து நகத்தில் ஒட்டிக்கொள்வார்கள்; மகரந்தத் தாள்களின் தலைகளைக் கொக்கி போட்டு இழுத்து விளையாடுவார்கள். காய் தட்டையான பெரிய வாள், முற்றினால் கட்டைபோலக் கறுத்து 60 சென்டிமீட்டர் வரை நீளும், மாதக்கணக்கில் தொங்கும்.

பெருங்கொன்றை, சில ஊர்களில் இயல்வாகை, தாவரவியலில் பெல்டோஃபோரம் டெரோகார்ப்பம். இலங்கையும் தென்கிழக்கு ஆசியாவும் இதன் இயற்கையான இடங்களில் அடக்கம். சிற்றிலை குல்மொகரைவிடப் பெரியது, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், பச்சையும் அடர்த்தி. ஆனால் அளவை நம்பி நிற்க வேண்டாம், துருவைத் தேடுங்கள். இளந்தளிர், கிளை நுனி, பூ மொட்டு எல்லாவற்றிலும் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் வெல்வெட் மாதிரி மயிர் படர்ந்திருக்கும். மொட்டுகள் உருண்டையாக, பழுப்பாக, வரிசையாக நிற்கும். அதன் நடுவிலிருந்து கசங்கிய மஞ்சள் இதழ்கள் வெளியே வரும். பூங்கொத்து மேல்நோக்கி நிற்கும். சாலையில் மஞ்சள் கம்பளம் விரிப்பது பெரும்பாலும் இந்த மரம்தான். காய் சின்னது, தட்டை, இரு முனையும் கூர், ஓரத்தில் மெல்லிய இறகு விளிம்பு. அந்தச் செம்புநிறக் காய்கள் மரம் முழுக்கக் கொத்துக் கொத்தாக நின்றால், அரை கிலோமீட்டர் தொலைவிலிருந்தே இது பெருங்கொன்றை என்று சொல்லலாம்.

ஜகரண்டா தென் அமெரிக்க மரம். சமவெளியைவிடக் குளிர்ந்த ஊர்களில் நன்றாகப் பூக்கும். பெங்களூரு, ஊட்டி, கொடைக்கானல், மூணாறு பக்கம் ஊதா நீலமாகப் பார்த்திருப்பீர்கள். பூத்திருந்தால் குழப்பமே இல்லை, குழாய் வடிவ ஊதாப் பூ. பூக்காத நேரத்தில் மூன்று சோதனை. கிளையில் இலைகள் எதிரெதிராக இருக்கும். சிற்றிலையின் நுனி கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு கிளை ஈர்க்கும் ஒற்றைச் சிற்றிலையோடு முடியும், அந்தக் கடைசிச் சிற்றிலை மற்றவற்றைவிடச் சற்று நீளம். குல்மொகரிலும் பெருங்கொன்றையிலும் கடைசியில் ஜோடிதான். காய் வட்டமான தட்டை மர வில்லை. அவரைக்காய் மாதிரி எதுவும் இந்த மரத்தில் தொங்காது.

குல்மொகரின் சொந்தக்காரன் ஒருவன் நம் கிராமங்களில் உண்டு: வாதநாராயணன், டெலோனிக்ஸ் இலேட்டா. மூட்டுவலித் தைலத்துக்கு இலை பறிப்பார்களே, அதுதான். இலை குல்மொகர் போலவே, அளவில் சிறியது. பூ வெள்ளையாகத் தொடங்கி வாடும்போது மஞ்சளாகும். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் தெரியும். வேலியோரத்தில், கிணற்றடியில் நிற்பதை யாரும் அழகு மரம் என்று நினைப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. நகரத்துப் பூங்காக்களில் இதற்கு இடம் கொடுக்கலாம்.

தூங்குமூஞ்சியும் வாகையும்

இரண்டிலும் இருமுறை பிரிந்த இலை, இரண்டிலும் பஞ்சு உருண்டை மாதிரிப் பூ. பழைய சாலைகளில் இரண்டும் உண்டு.

தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஈர்க்கில் சிற்றிலைகள் நுனியை நோக்கிப் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே வரும். கடைசி ஜோடிதான் எல்லாவற்றிலும் பெரியது. சிற்றிலையின் நடு நரம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். மாலையில் இலைகள் மடங்கிவிடும், மழை மூட்டம் போட்டாலும் மடங்கும். பூ இளஞ்சிவப்பு. காய் சதைப்பற்றாக, கறுப்பாக, உள்ளே இனிப்புப் பிசினோடு இருக்கும். ஆடு மாடு விரும்பித் தின்னும்.

வாகையில் கிளை ஈர்க்குகள் குறைவு, இரண்டு முதல் நான்கு ஜோடிதான். பூ பச்சை கலந்த வெண்மை, நல்ல வாசம். வெற்றி பெற்றவர் சூடிய பூ இதுதான். வாகை சூடினார் என்று இன்றும் செய்தித்தாளில் எழுதுகிறோம், ஆனால் மரத்தைக் காட்டினால் பலருக்குத் தெரிவதில்லை. காய் மெல்லிய தாள்போல, வைக்கோல் நிறத்தில், விதை இருக்கும் இடம் மட்டும் புடைத்திருக்கும். மாசி பங்குனியில் இலை கொட்டிய மரத்தில் காய்ந்த காய்கள் காற்றில் கலகலக்கும். காதாலேயே அடையாளம் காணக்கூடிய மரம்.

கொன்றை என்று சொல்லப்படும் மஞ்சள்கள்

சரக்கொன்றையை முதலில் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், மற்றவை தானாகப் பிரியும். கேசியா ஃபிஸ்டுலா. கேரளத்தின் மாநில மலர், விஷுக்கணியில் வைப்பது; தாய்லாந்துக்கு இது தேசிய மலர். இலை ஒருமுறை மட்டும் பிரிந்தது. நான்கு முதல் எட்டு ஜோடிச் சிற்றிலைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்கு அகன்று பெரியதாக இருக்கும். இவ்வளவு பெரிய சிற்றிலையைப் பார்க்கும் புதியவர்கள் அதைத் தனியிலை என்றே நினைத்துவிடுகிறார்கள், அங்கே மொட்டுச் சோதனை கைகொடுக்கும். பூச்சரம் நேராகக் கீழே தொங்கும், சரக்கொன்றை என்ற பெயரே அதிலிருந்துதான். ஒரு பூவை எடுத்துப் பார்த்தால் பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் மிக நீளமாக வெளியே வளைந்து மேலே திரும்பியிருக்கும். காய் கறுப்பு உருளை, அரை மீட்டர் நீளம், குலுக்கினால் சத்தம் வரும்.

மஞ்சள் கொன்றை, அதாவது சென்னா சயாமியா, இதோடு குழம்பும். அதில் சிற்றிலைகள் சிறியவை, ஆறு முதல் பன்னிரண்டு ஜோடி இருக்கும். நுனி உருண்டு, நடுவில் ஊசி முனை மாதிரி ஒரு சின்ன முள். பூங்கொத்து தொங்காது, கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். காய் தட்டைப் பட்டை, கொத்துக் கொத்தாக.

இன்னொன்று சென்னா ஸ்பெக்டாபிலிஸ். இதுவும் நிமிர்ந்த மஞ்சள் கொத்து, பார்க்க அழகு. ஆனால் சிற்றிலைகளின் நுனி கூர்மை, எண்ணிக்கை பத்து ஜோடிக்கு மேல், காய் தட்டையாக இல்லாமல் உருண்டு குறுக்கே வளையம் வளையமாக இருக்கும். இதை அடையாளம் காணத் தெரிந்திருப்பது முக்கியம். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த இந்த மரம் முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளில் பரவி, கீழே புல்லே முளைக்காமல் செய்துவிட்டது. வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. நர்சரியில் மஞ்சள் கொன்றை என்று சொல்லி ஒரு கன்றை நீட்டினால், இலையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் இதை நடவே வேண்டாம்.

மஞ்சளிலேயே குழாய்ப் பூ என்றால் அது கொன்றை வகையே இல்லை. இலை அங்கை வடிவில், வெள்ளி பூசிய சாம்பல் பச்சையாக, பட்டை தக்கைபோல வெடித்திருந்தால் அது டபேபுயா ஆரியா. இலை இறகு வடிவில், ஓரம் ரம்பப் பல்லாக, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும் சின்ன மரமாக இருந்தால் டெகோமா. ஒல்லியான நீள இலை, கிள்ளினால் பால் என்றால் பொன்னரளி. அந்த விதை கொடிய நஞ்சு, பிள்ளைகளோடு மரம் பார்க்கப் போகிறவர்கள் இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

மந்தாரை: மகரந்தத் தாளை எண்ணினால் பெயர் வரும்

மந்தாரைக் குடும்பத்தை யாரும் தவறவிட முடியாது. தனியிலை, நுனியில் இரண்டாகப் பிளந்து மாட்டுக் குளம்பு வடிவில் இருக்கும். ஒட்டிய இரட்டை இலையைப் பார்த்துத்தான், இரு தாவரவியலாளர்களான போஹான் சகோதரர்கள் நினைவாக இந்த இனத்துக்கு போஹினியா என்று பெயர் வைத்தார்கள். குடும்பத்துக்குள் யார் யார் என்பதில்தான் சிக்கல். ஊதா இளஞ்சிவப்பில் பூக்கும் மூன்று மரங்கள் நகரங்களில் கலந்து நிற்கின்றன. மூன்றுக்கும் மந்தாரை என்றே பெயர்.

ஒரு பூவை எடுத்து, மகரந்தம் உள்ள நீளமான தாள்களை மட்டும் எண்ணுங்கள். மூன்று இருந்தால் போஹினியா பர்பூரியா. இதழ்கள் ஒல்லியாக, ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். மழைக்காலம் தொடங்கி மார்கழி வரை, மரத்தில் இலை இருக்கும்போதே பூக்கும். இலையின் பிளவும் ஆழம், கிட்டத்தட்டப் பாதி வரை வரும்.

ஐந்து இருந்தால் பெரும்பாலும் போஹினியா வேரியகேட்டா. இதழ்கள் அகலம், ஒன்றன் மேல் ஒன்று படியும், ஓர் இதழில் அடர்ந்த கோலமும் கோடும் இருக்கும். மாசி பங்குனியில், இலை உதிர்ந்த கிளைகளில் பூக்கும். இலைப் பிளவு ஆழமில்லை.

ஐந்து தாள், அடர் ஊதாச் சிவப்பு, பெரிய பூ, மரத்தைச் சுற்றி வந்து தேடினாலும் ஒரு காய்கூட இல்லை என்றால் அது ஹாங்காங் மந்தாரை. மேலே சொன்ன இரண்டுக்கும் பிறந்த கலப்பு, மலடு, பதியன் போட்டோ ஒட்டுக்கட்டியோதான் வளர்க்க முடியும். 1997இல் ஹாங்காங் ஏற்றிய கொடியில் இருப்பது இந்தப் பூதான்.

வெள்ளைப் பூ, குட்டை மரம், பத்துத் தாள் என்றால் போஹினியா அக்யூமினேட்டா, வெள்ளை மந்தாரை. மஞ்சள் மணி வடிவம், உள்ளே அடியில் கருஞ்சிவப்புத் திட்டு என்றால் போஹினியா டொமென்டோசா. சோழர்கள் சூடிய ஆத்தியும் இந்த இனம்தான், போஹினியா ரசிமோசா. பூ சிறியது, வெளிறியது, இலையும் சிறியது. கண்ணுக்குப் பகட்டாகத் தெரியாததால் எளிதில் கடந்துபோய்விடுவோம்.

இலையில்லாமல் சிவக்கும் மரங்கள்

கோடை தொடக்கத்தில் இலையே இல்லாமல் சிவந்து நிற்கும் மரத்தைக் கண்டால் இலை சோதனைக்கு வழியில்லையே என்று நினைக்க வேண்டாம். அடியில் சருகு கிடக்கும், அதை எடுங்கள்.

மூன்று சிற்றிலை, தோல்போலக் கெட்டியாக, நுனிச் சிற்றிலை மேலே அகன்று உருண்டிருந்தால் புரசு. மொட்டைத் தாங்கும் கிண்ணம் கரும்பழுப்பு வெல்வெட். ஆரஞ்சுச் சிவப்புப் பூ அந்தக் கறுப்பின் மேல் பளிச்சென்று தெரியும். இந்த இலையைத்தான் தைத்துச் சாப்பிடும் தட்டு ஆக்குவார்கள்.

மூன்று சிற்றிலை, ஆனால் மெல்லியதாக, அகன்ற முக்கோணமாக, கிளையில் கறுத்த முட்களோடு இருந்தால் முள்முருங்கை, கல்யாண முருங்கை என்பதும் அதுவே. சளிக்கு அடை சுடுகிற இலை. பவளச் சிவப்புப் பூக்கள் கிளை நுனியில் நெருங்கி நிற்கும். பூவின் கிண்ணம் ஒரு பக்கமாகக் கிழிந்திருக்கும். புரசில் தட்டையான காயின் நுனியில் ஒரே விதை, முள்முருங்கையில் மணி கோத்தது போலப் பல விதை.

அங்கை இலை, அடிமரத்தில் கூம்பு முட்கள், கைக்கடங்காத தடித்த சிவப்புப் பூ என்றால் முள்ளிலவு. தலையணைக்குப் பஞ்சு தரும் இலவமரம் வேறு. அதன் தண்டு பசுமை படிந்து, கிளைகள் அடுக்கடுக்காகப் படுக்கையில் நீளும், பூ வெளிறியது.

இலையோடு பசுமையாக இருக்கும்போதே உச்சியில் ஆரஞ்சுச் சிவப்புக் கிண்ணங்கள் தெரிந்தால் ஆப்பிரிக்க டியூலிப். இலை எதிரெதிர், ஒருமுறை பிரிந்து ஒற்றைச் சிற்றிலையில் முடியும். மொட்டை அழுத்தினால் தண்ணீர் பீச்சும்.

இளஞ்சிவப்பு

பெங்களூருவில் ஆண்டுதோறும் படமெடுத்துப் பரப்பப்படும் "செர்ரி பூ" உண்மையில் டபேபுயா ரோசியா. மெக்சிகோவிலிருந்து ஈக்வடார் வரையிலான நிலத்து மரம். அங்கை இலை, ஐந்து சிற்றிலை, நீளமான காம்பு, எதிரெதிர் அமைப்பு, எக்காளப் பூ. பெங்களூருவிலேயே கார்த்திகை மார்கழியில் இன்னும் அடர்ந்த நிறத்தில் பூப்பது அதன் உறவான ஹாண்ட்ரோயாந்தஸ்; சிற்றிலையின் ஓரத்தில் பெரும்பாலும் பல் வெட்டு இருக்கும். கிராமத்து வேலியில் மாசியில் இலையின்றி இளஞ்சிவப்பாகப் பூப்பது சீமை அகத்தி, அதாவது கிளைரிசிடியா. அவரைப் பூ வடிவத்தைப் பார்த்தவுடனே டபேபுயா இல்லை என்று தெரிந்துவிடும்.

பூவரசும் நீர்ப்பருத்தியும்

கடலோர ஊர்க்காரர்களுக்கு இது தேவைப்படும். இரண்டிலும் இதய வடிவத் தனியிலை, மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. பூ வாடும்போது இரண்டும் சிவக்கும், அதனால் நிறம் இங்கே உதவாது. இலையைப் புரட்டுங்கள். பூவரசில் இரு பக்கமும் வழவழப்பு. பீப்பி செய்து ஊதியவர்களுக்கு அந்த வழவழப்பு விரலில் நினைவிருக்கும். நீர்ப்பருத்தியின் அடிப்பக்கம் வெளுத்து, மெல்லிய மயிரோடு இருக்கும். அடுத்து பூவின் கிண்ணம்: பூவரசில் ஓரம் வெட்டியது போல மட்டமாக இருக்கும், நீர்ப்பருத்தியில் கூரிய பற்களாகப் பிரிந்திருக்கும். நீர்ப்பருத்தியின் காய் முற்றினால் ஐந்தாக வெடிக்கும். பூவரசங்காய் அப்படி வெடித்து விரிவதில்லை.

பழகும் முறை

ஊர் முழுவதையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் தெருவையோ அலுவலகம் போகும் வழியையோ எடுத்துக்கொண்டு, அதில் நிற்கும் மரங்களை மட்டும் ஓராண்டு பாருங்கள். எந்த மாதம் தளிர், எந்த மாதம் பூ, எப்போது காய் என்று நோட்டில் எழுதுங்கள். இப்படி எழுதுவதையே நாடு முழுவதும் பலர் சேர்ந்து செய்யும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது, உங்கள் குறிப்பையும் அதில் சேர்க்கலாம். சென்னையில் இருப்பவர்கள் நிழல் என்ற அமைப்பு நடத்தும் மர நடைகளில் கலந்துகொள்ளலாம். பெயர்ப் பலகையோடு மரங்களைப் பார்க்க பெங்களூரு லால்பாக்கும், இலங்கையில் பேராதனைப் பூங்காவும் அருமையான இடங்கள்.

போனில் கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் எல்லாம் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். பயன்படுத்துங்கள், ஆனால் உங்கள் முடிவை நோட்டில் எழுதிய பிறகு. தூரத்திலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தைக் கொடுத்தால் செயலியும் நிறத்தை வைத்துத்தான் ஊகிக்கும். நான்கு படம் எடுங்கள்: முழு மரம், கிளையோடு சேர்ந்த முழு இலை, பூவின் உள்பக்கம், பட்டையும் காயும். இலைப் படத்தில் காம்பு கிளையோடு சேரும் இடம் கட்டாயம் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் மரங்களை நன்கு அறிந்தவர்களாலும் எதிரெதிரா மாறி மாறியா என்று சொல்ல முடியாது.

பெயரைக் குறிக்கும்போது ஊர் வழக்கோடு தாவரவியல் பெயரையும் எழுதி வையுங்கள். மயில்கொன்றை என்றால் ஓர் ஊரில் குல்மொகர். இன்னோர் ஊரில் வீட்டு வாசலில் நிற்கும் முள்ளுள்ள சிறு செடி. தாவரவியல் பெயர் இருந்தால் யாரிடம் காட்டினாலும் எந்த மரம் என்று புரியும்.

தொடங்குவதற்கு ஏற்ற மாதம் பங்குனி என்று பலரும் சொல்வார்கள். நான் ஆவணியைச் சொல்வேன். பூ குறைந்து இலை நிறைந்திருக்கும் காலம் அது. குல்மொகரையும் பெருங்கொன்றையையும் அப்போது இலையை மட்டும் வைத்துப் பிரித்துப் பழகிவிட்டால், சித்திரையில் பூ வரும்போது நீங்கள் எழுதியது சரியா என்று மரமே காட்டிவிடும்.